யாருடன் வாசித்தோம் என்பதே முகாமின் அளவுகோல்

1937 கோடையில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்கு வயது 16. முந்தைய ஆண்டு கேன்சஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில் மூத்த கலைஞர்களோடு வாசிக்க மேடையேறியவர், நடுவில் வழிதவறிப் போனார். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றித் தரையில் வீச, கூட்டத்தின் சிரிப்புக்கு நடுவே அந்தச் சிறுவர் இறங்கிப்போக வேண்டியதாயிற்று. அடுத்த கோடையில் மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப் பகுதியில் இருந்த உல்லாச விடுதி ஒன்றில், ஜார்ஜ் லீயின் குழுவில் வாசிக்க அவருக்கு வேலை கிடைத்தது. உடன் வாசித்த மூத்தவர்கள் கோர்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி நகர்கின்றன என்று சொல்லிக்கொடுத்தார்கள். கவுன்ட் பேஸி குழுவின் இசைத்தட்டுகளில் லெஸ்டர் யங் வாசித்த சோலோக்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார். ஊர் திரும்பியபோது அவரை அறிந்தவர்கள் வியந்தார்கள்.

அந்தக் கோடையை யாரும் முகாம் என்று அழைக்கவில்லை. ஆனால், இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தாலியிலும் கோடைதோறும் நடக்கும் ஜாஸ் முகாம்கள் எதைத் தர வேண்டுமோ, அது அத்தனையும் அதில் இருந்தது: ஊரை விட்டு விலகிய சில வாரங்கள், காதுக்குப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைவிடத் தேர்ந்தவர்களோடு தினமும் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு. இந்தக் கடைசி அம்சம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டுதான் எந்த முகாமையும் மதிப்பிட வேண்டும்.

லெனாக்ஸ் காட்டிய வழி

ஜாஸ் கல்விக்கென அமைந்த கோடைப் பள்ளிகளில் முன்னோடியானது, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெர்க்‌ஷயர் மலைப் பகுதியில் உள்ள லெனாக்ஸில் 1957 முதல் 1960 வரை நடந்தது. ஃபிலிப், ஸ்டெஃபனி பார்பர் தம்பதி நடத்திய மியூசிக் இன் விடுதிதான் வகுப்பறை. மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டின் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ் பள்ளியை வழிநடத்தினார். முதல் ஆண்டிலேயே டிஸ்ஸி கில்லெஸ்பி, ஆஸ்கர் பீட்டர்சன், ரே பிரவுன், மேக்ஸ் ரோச் போன்றோர் ஆசிரியர்களாக வந்தார்கள். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு குழுவையும் தொழில்முறைக் கலைஞர்கள் பயிற்றுவித்தார்கள். மார்ஷல் ஸ்டேர்ன்ஸ் வரலாறு சொன்னார். ஆகஸ்ட் மாதத்தில் மூன்று வாரங்கள், முடிவில் கச்சேரி.

1959-ல் அங்கே மாணவர்களாக வந்தவர்களில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனும் டிரம்பெட் கலைஞர் டான் செர்ரியும் இருந்தார்கள். கோல்மனுக்கு அப்போது 29 வயது. ஏற்கெனவே இசைத்தட்டுகள் பதிவுசெய்தவர். இருவரும் வந்துசேர அட்லாண்டிக் ரெகார்ட்ஸ் நிறுவனம் உதவியது. வழக்கமான கோர்டு வரிசைக்குக் கட்டுப்படாத கோல்மனின் வாசிப்பு பள்ளியையே இரண்டாகப் பிளந்தது. ஜான் லூயிஸும் குன்தர் ஷுல்லரும் அதைக் கொண்டாடினார்கள். ஆசிரியர்களில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. ஆசிரியராக வந்திருந்த ஜிம்மி ஜியுஃப்ரி அந்த இசையில் மனம் பறிகொடுத்தார். சில ஆண்டுகளில் அவருடைய இசையும் கட்டற்ற திசைக்குத் திரும்பியது. அதே ஆண்டு நவம்பரில் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மேடையேறியபோது, ஜாஸ் உலகம் முழுவதும் அந்த விவாதத்தில் இறங்கியது.

முகாம்களுக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு: அவை எல்லா மாணவர்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றன, எந்தக் கோர்டுக்கு எந்த ஸ்கேல் என்ற சூத்திரத்தைத் திணித்து அனுப்புகின்றன என்பது. அதில் உண்மை இருக்கிறது. சூத்திரம் கற்பிக்க எளிது. நாற்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்தும் கற்பித்துவிடலாம். ஆனால், மாணவரோடு சேர்ந்து வாசிக்கும் ஆசிரியர் மாணவரைக் கேட்டே ஆக வேண்டும். கேட்கத் தொடங்கிவிட்டால் மாணவரிடம் உள்ள தனித்தன்மையும் கண்ணில் படும். லெனாக்ஸில் ஜியுஃப்ரிக்கு நேர்ந்தது அதுதான்.

இசைத்தட்டு பதில் சொல்லாது

இந்தியானாவின் ஜேமி ஏபர்சோல்ட் 1967-ல் ஒரு புதுமை செய்தார். பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இசைத்தட்டை வெளியிட்டார். மாணவர் வீட்டில் அதை ஓடவிட்டு மேலே சோலோ வாசித்துப் பழகலாம். அடுத்தடுத்த தொகுதிகள் உலகெங்கும் பரவின. இன்று அதே வேலையைக் கைபேசிச் செயலிகள் செய்கின்றன. பாடங்கள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு எதற்கு முகாம்?

விடை ஏபர்சோல்டின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. இசைத்தட்டுகளை விற்ற அவரே பல பத்தாண்டுகள் கோடைப் பயிலரங்குகளையும் நடத்தினார். மாணவர் ஒரு சொற்றொடரை வித்தியாசமாக முடித்தால் இசைத்தட்டு திரும்பிப் பார்க்காது. உயிருள்ள டிரம்ஸ் கலைஞர் அடுத்த பாரிலேயே பதில் சொல்வார். பாஸ் வாசிப்பவர் ஒரு சுரத்தை மாற்றி வழிவிடுவார். கர்னாடகக் கச்சேரியில் பாடகரும் வயலின் கலைஞரும் கல்பனாஸ்வரத்தில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடிப்பதைக் கேட்டவர்களுக்கு, ஜாஸில் சோலோ கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிப்பது எளிதில் விளங்கும். இந்த உரையாடலைத் தனியறையில் ஒருவராகப் பழக முடியாது.

இதை நன்கு உணர்ந்த முகாம்களும் இருக்கின்றன. கொலராடோ மாநிலத்தின் வெய்ல் நகரில் 1996-ல் தொடங்கிய பயிலரங்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பள்ளி மாணவர்களையே எடுத்துக்கொண்டது. பாஸ் கலைஞர் ஜான் கிளேட்டனும் சக கலைஞர்களுமாக ஆறு பேர் கற்றுக்கொடுத்தார்கள்; அதாவது, இரண்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர். எழுதிய இசைத்தாள் கிடையாது, எல்லாம் காதால்தான். கனடாவின் பான்ஃப் மையத்தில் டேவ் ஹாலண்டும் பிறகு டேவ் டக்ளஸும் வழிநடத்திய பயிலரங்கின் பொறுப்பை, தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் 2013-ல் ஏற்றார். அங்கு வருபவர்கள் ஓரளவு தேர்ந்த இளம் கலைஞர்கள். ஆசிரியர்களோடு சேர்ந்து புதிய இசையை உருவாக்குவதே அங்கு பாடம்.

வாசலில் நிற்கும் கட்டணம்

ஒரு காலத்தில் இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, சம்பளம் இருந்தது. பார்க்கருக்கு ஓசார்க்கில் கிடைத்தது வேலை. ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் வெய்ன் ஷார்ட்டர் முதல் விண்டன் மர்சாலிஸ் வரை பலர் மேடையிலேயே வளர்ந்தார்கள். பிளேக்கி 1990-ல் மறைந்தார். இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஆண்டு முழுதும் ஊர் ஊராகச் சுற்றும் அத்தகைய குழுக்கள் அருகிவிட்டன. பாடகி பெட்டி கார்ட்டர் 1993-ல் ஜாஸ் அஹெட் என்ற பெயரில் இளம் கலைஞர்களை ஒன்றுகூட்டித் தம்மோடு மேடையேற்றியதை, இந்த இழப்பை ஈடுசெய்யும் முயற்சியாகவே காண்கிறேன்.

சம்பளம் வாங்கிக் கற்ற கலையைப் பணம் கட்டிக் கற்கும் நிலை வந்திருப்பது சாதாரண மாற்றம் அல்ல. அமெரிக்காவில் தங்கிப் பயிலும் ஒரு வார முகாமின் செலவு ஆயிரம் டாலரை எளிதில் தாண்டிவிடும். எளிய கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் இரவு விடுதிகளில் உருவாக்கிய இசை, வசதி படைத்தவர்களின் கோடைப் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடக் கூடாது. நியூ ஆர்லியன்ஸில் லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரில் நடக்கும் கோடை முகாமை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான். சாக்ஸபோன் கலைஞர் கிட் ஜோர்டன் பல ஆண்டுகள் அதன் கலை இயக்குநராக இருந்தார். ஜான் பாட்டிஸ்ட் அங்கு பயின்றவர். ஜாஸ் பிறந்த ஊரின் பிள்ளைகளுக்கு அந்த ஊர்க் கலைஞர்களே கற்றுக்கொடுத்தார்கள்.

சில வாரங்களில் யாரும் கலைஞராகிவிட முடியாது என்பார்கள். முடியாதுதான். நல்ல முகாம் அதைச் செய்ய முயல்வதும் இல்லை. தேர்ந்த வாசிப்பு என்பது அருகில் நின்று கேட்கும்போது எப்படி ஒலிக்கிறது என்று அது காட்டுகிறது. எஞ்சிய பதினொரு மாதங்கள் எதை நோக்கிப் பழக வேண்டும் என்பது அதன் பிறகு மாணவருக்குத் தெரியும். பலன் மெதுவாக வரும். லெனாக்ஸ் பள்ளி பணநெருக்கடியில் நான்கே ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனால், 1959-ன் மாணவர் டேவிட் பேக்கர் பின்னர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையைக் கட்டியெழுப்பித் தலைமுறைகளை உருவாக்கினார். கோல்மனும் கார்ல் பெர்கர், இங்ரிட் செர்ட்சோ ஆகியோருடன் சேர்ந்து 1971-ல் கிரியேட்டிவ் மியூசிக் ஸ்டுடியோ என்ற பயிற்சி மையத்தின் தொடக்கத்துக்குத் துணைநின்றார். கற்றவர்கள் கற்பிக்கப் போனார்கள்.

ஆகவே, முகாம் நடத்துபவர்கள் விளம்பரத்தில் நட்சத்திரக் கலைஞரின் படத்துக்குக் கொடுக்கும் இடத்தில் மூன்று தகவல்களைத் தரட்டும்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? அவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் மாணவரோடு சேர்ந்து வாசிப்பார்? கட்டணமில்லா இடங்கள் எத்தனை? பணம் கட்டும் பெற்றோர் இவற்றைக் கேட்டுப் பெறட்டும். நன்கொடையாளர்களும் இசை நிறுவனங்களும் மூன்றாவது எண்ணை உயர்த்தப் பணம் தரட்டும். 1959-ல் ஓர் இசைத்தட்டு நிறுவனம் இருவருக்குச் செய்த உதவி, ஜாஸின் போக்கையே மாற்றிய விவாதம் ஒன்றுக்கு வழிவிட்டது. இதற்குமேல் சான்று தேவையில்லை.