தோண்டியவரே மூட வேண்டும்

ஈப்போ வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் கேட்ட எச்சரிக்கை ஒன்று உண்டு: "ஈயக்குட்டைப் பக்கம் போகாதே!" என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். பச்சை நிறத்தில் அசையாமல் கிடக்கும் அந்தத் தண்ணீர் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால், கரையிலிருந்து இரண்டடி வைத்தால் காலுக்குத் தரை தட்டாது. சிறு வயதில் அதை இயற்கையாக அமைந்த குளம் என்றே நினைத்திருந்தேன். ஈயம் எடுப்பதற்காக மனிதர்கள் தோண்டி, எடுத்து முடித்ததும் அப்படியே விட்டுச் சென்ற குழி அது என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு காலத்தில் உலகச் சந்தைக்குச் சென்ற ஈயத்தில் பெரும்பங்கு நம் நாட்டு ஈயம். அதில் கிந்தா பள்ளத்தாக்குக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் ஈய வணிகம் நிலைகுலைந்து விலை சரிந்தபோது, லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நிறுவனங்கள் கலைந்தன, குட்டைகள் மிஞ்சின. சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். சிலாங்கூரில் ஓரிரு லம்பங்கள் உல்லாசத் தலங்களாக மாறின. எஞ்சியவற்றைச் சீர்செய்யும்படி இன்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். சுரங்க நிறுவனத்தின் பொறுப்பைப் பற்றிச் சுரங்கம் மூடும் நாளில் பேசிப் பயனில்லை. நிலத்தில் முதல் இயந்திரம் இறங்குவதற்கு முன்பே, அந்த நிலத்தைச் சீராக்கித் திருப்பித் தருவதற்கான திட்டத்தையும் பணத்தையும் அரசாங்கம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குவாந்தான் கற்றுத் தந்த பாடம்

ஈயக்குட்டைகள் பழங்கதை என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்குக் குவாந்தானை நினைவுபடுத்துகிறேன்.

2014 ஜனவரியில் இந்தோனேசியா பதப்படுத்தாத தாதுக்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அலுமினியம் செய்வதற்குப் பாக்சைட் தேடிய சீனா, மலேசியாவின் பக்கம் திரும்பியது. 2013-இல் ஒரு மில்லியன் டன்னுக்கும் மிகக் குறைவாக இருந்த நம் பாக்சைட் ஏற்றுமதி, 2015-இல் 20 மில்லியன் டன்னைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ச்சி! ஆனால், அதே வேகத்தில் கண்காணிப்பு வளர்ந்ததா?

பாக்சைட் பூமிக்குள் ஆழத்தில் இருப்பதில்லை. மேல்மண்ணை அகற்றினால் சில மீட்டரிலேயே கிடைத்துவிடும். அதனால் பெரிய முதலீடு இல்லாதவரும் மண்வாரி இயந்திரத்தையும் சில லோரிகளையும் வைத்துக்கொண்டு இறங்கிவிடலாம். புக்கிட் கோ ஃபெல்டா நிலத்திட்டத்தில் செம்பனை மரங்கள் சாய்க்கப்பட்டன. உரிமம் இல்லாமல் தோண்டியவர்களும் இருந்தனர். துறைமுகத்துக்குச் சென்ற லோரிகளிலிருந்து சிந்திய செம்மண் சாலை, வீடு, துணி, உணவுக்கடை என்று எல்லாவற்றின் மீதும் படிந்தது. 2015 டிசம்பர் இறுதியில் பெய்த மழைக்குப் பின் குவாந்தான் கடலோரமே செந்நிறமானது. படங்களைப் பார்த்த நாடு அப்போதுதான் விழித்துக்கொண்டது. 2016 ஜனவரி 15-இல் தொடங்கிய தற்காலிகத் தடை, மூன்று மாதம் என்று அறிவிக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2019 மார்ச் 31 வரை நீடித்தது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

சட்டம் இல்லையா?

சட்டம் இருந்தது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருந்தது. 1994-ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டம், சுரங்கப் பணி எப்படி நடக்கும் என்ற திட்டத்தை முன்கூட்டியே ஒப்படைக்கச் சொல்கிறது. மாநிலங்களின் கனிமச் சட்டங்கள் நிலச் சீரமைப்பையும் அதற்கான நிதியையும் பற்றிப் பேசுகின்றன. பிறகு எங்கே ஓட்டை?

முதல் ஓட்டை, அளவில். 1987-ஆம் ஆண்டு ஆணைப்படி, சுரங்கக் குத்தகை 250 ஹெக்டேரைத் தாண்டினால்தான் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமாக இருந்தது. குவாந்தானில் தோண்டப்பட்டவையோ சிறு சிறு துண்டு நிலங்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சிறியது. சேர்த்துப் பார்த்தால் ஒரு வட்டாரமே புண்ணாகிக் கிடந்தது. ஆறும் கடலும் நிலப்பட்டாவைப் பார்த்தா அழுக்கை ஏற்றுக்கொள்கின்றன?

இரண்டாவது ஓட்டை, அதிகாரத்தில். நிலமும் கனிமமும் மாநில அரசாங்கத்தின் கையில். உரிமமும் உரிமத்தொகையும் அங்கே. சுற்றுச்சூழல் கண்காணிப்போ பெரும்பாலும் மத்திய அரசாங்கத் துறைகளின் பணி. வருமானம் ஒரு பக்கம், காவல் மறுபக்கம் என்று இருந்தால், தவறு நடக்கும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது இயல்பாகிவிடுகிறது.

நீதிமன்றம் போதுமா?

"பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போடட்டுமே!" என்று சட்டம் படிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவருக்குப் புக்கிட் மேராவின் வரலாறே பதில்.

ஈய லம்பங்களில் மிஞ்சும் 'அமாங்' மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. கழிவில் கதிரியக்கத் தன்மையுள்ள தோரியம் இருந்தது. 1985-இல் வட்டார மக்கள் எட்டுப் பேர் ஊர் சார்பில் வழக்குத் தொடுத்தனர். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் நிறுவனம் தானாகவே ஆலையை மூடியது. ஆலையைத் துப்புரவாக்கிக் கழிவைக் கிளேடாங் மலைப்பகுதியில் பாதுகாப்பாகப் புதைக்கும் வேலையோ இந்த நூற்றாண்டு வரை நீண்டது. அதற்கு ஏறத்தாழ 100 மில்லியன் அமெரிக்க டாலர் செலவு என்று செய்திகள் வந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆலைக்குப் பின்னால் மிட்சுபிஷி குழுமத்தைச் சேர்ந்த பெரிய நிறுவனம் இருந்தது. அதனால்தான் துப்புரவுக்குப் பணம் வந்தது. நாளை கடையைக் கட்டிவிட்டுப் போகக்கூடிய சிறிய குத்தகையாளராக இருந்திருந்தால், அந்தக் கழிவு யார் தலையில் விழுந்திருக்கும்? வழக்கில் வென்றாலும், வாங்குவதற்கு எதிரே ஆள் இருக்க வேண்டுமே!

வயிற்றுப்பாட்டை மறக்கலாமா?

மறக்கக்கூடாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட ஃபெல்டா குடியேற்றக்காரர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். செம்பனை விலை ஏறி இறங்குவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, மொத்தமாக ஒரு தொகை கிடைத்தபோது மறுக்க மனம் வரவில்லை. லோரி ஓட்டுநருக்கும் குடும்பம் உண்டு. நம் கைப்பேசியிலும் பேருந்திலும் உள்ள உலோகம் எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டி எடுத்ததுதான். எனவே, சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தாதுவை விற்ற இலாபம் சிலருக்கும், மேல்மண் போன நிலம் குடியேற்றக்காரரின் பிள்ளைகளுக்கும் என்றால், அது என்ன கணக்கு?

2024-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம், உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தியது. வரவேற்கிறேன். ஆயினும் அபராதம் குற்றம் நடந்த பிறகு வருவது. நான் கேட்பவை அதற்கு முன் நடக்க வேண்டியவை. முதலாவது, சீரமைப்புக்கு ஆகும் முழுச் செலவையும் வைப்புத் தொகையாகக் கட்டிய பிறகே தோண்டும் அனுமதி. நிலம் சீரான பிறகே தொகை திரும்ப வேண்டும். இரண்டாவது, துண்டு நிலத்தை அல்ல, ஆற்றுப்படுகை முழுவதையும் கணக்கில் எடுக்கும் பாதிப்பு மதிப்பீடு. மூன்றாவது, நீர், தூசு பற்றிய அளவீடுகளை அவ்வட்டார மக்கள் மாதந்தோறும் பார்க்கும் உரிமை.

இது அவசரமான பேச்சு. இன்று உலகம் அரிய மண் தனிமங்களைத் தேடி அலைகிறது. நம் நாட்டு மலைகளிலும் அவை உள்ளன. பேராக்கில் மலைமண்ணுக்குள் இரசாயனக் கரைசலைச் செலுத்தி அவற்றைப் பிரித்தெடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது.

நம்மில் சிலர் வழக்கறிஞர்களாவோம். சிலர் பொறியாளர்களாக, அரசு அதிகாரிகளாக, ஏன், சுரங்க நிறுவன மேலாளர்களாகவும் ஆவோம். ஒரு நாள் ஓர் அனுமதிக் கடிதம் நம் மேசைக்கும் வரலாம். அப்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுவோம்: இந்தக் குழியை மூடுவதற்கான பணம் எங்கே? அதற்குப் பதில் இல்லையென்றால், இன்னொரு தலைமுறைத் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளிடம் "குட்டைப் பக்கம் போகாதே" என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.