கல்லறைத் தோட்டம் கலைக்கு அந்நியமா?

கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம் துக்கப்படுபவர்களுக்கு மட்டுமே உரியது, நவீன கலைக்கு அங்கே வேலையில்லை என்கிறார்கள் சிலர். துக்கத்தைக் காக்க வேண்டும் என்ற அக்கறை நியாயமானது. ஆனால் கலை அதைக் கெடுக்கும் என்பதை நான் ஏற்கவில்லை.

பெர்லினின் டோரோதீன்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தத்துவஞானி ஹெகலும் நாடகாசிரியர் பிரெக்ட்டும் புதைக்கப்பட்ட இடம் அது. பிராண்டன்பர்க் வாயிலின் மேல் நிற்கும் நான்கு குதிரைத் தேரை வடிவமைத்த சிற்பி ஷாடோவும் அங்கேதான் இருக்கிறார். சிற்பிகளே உறங்கும் மண்ணில் கலை எப்படி அத்துமீறலாகும்? அங்குள்ள சிற்றாலயத்தில் 2015 முதல் கலைஞர் ஜேம்ஸ் டரலின் ஒளிப்படைப்பு இருக்கிறது. அந்தி சாயும் நேரத்தில் நிறங்கள் மெல்ல மாறுகின்றன. இறுதிச் சடங்குகளும் அதே கூடத்தில் தொடர்கின்றன, யாரையும் வெளியேற்றவில்லை.

பழைய சிலைகள் போதாதா என்று கேட்பவர்கள் இத்தாலியின் ஜெனோவா நகரிலுள்ள ஸ்டாலியேனோ கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கட்டும். கொட்டை விற்றுப் பிழைத்த கத்தரீனா கம்போடோனிகோ, தான் சேர்த்த பணத்தில், உயிரோடிருக்கும்போதே தனக்கு அங்கே சிலை செய்யச் சொன்னார். சிற்பி ஒரேங்கோ 1881இல் வடித்த அந்தச் சிலையின் கையில் அவர் விற்ற கொட்டை மாலைகளும் ரொட்டியும். இன்று அதை மரபு என்கிறோம். அன்று அது சமகாலச் சிற்பம், அதுவும் ஓர் ஏழைப் பெண்ணின் துணிச்சல்!

சடங்கு நடக்கும் வேளையில் பார்வையாளர்களை உள்ளே விடாதீர்கள் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். கதவையே பூட்டச் சொல்லாதீர்கள்.