‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’: பெங்களூரு கடைகளுக்கு வந்த நோட்டீஸும், காலேஜ் சொல்லித்தராத பாடமும்

2025 ஜூலையில் நீங்கள் பெங்களூருவில் இருந்திருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதுவரை க்யூஆர் கோடு ஒட்டியிருந்த டீக்கடை, பேக்கரி, காண்டிமென்ட்ஸ் கடைகளில் திடீரென ‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’ என்று எழுதிய அட்டைகள் தொங்கின. ஒரு காபிக்காக ஏடிஎம் தேடி அலைந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

கடைக்காரர்களைப் பயமுறுத்தியது கர்நாடக வணிகவரித் துறையின் நோட்டீஸ். ஆனால் இந்த விவகாரம் டீக்கடையோடு முடியவில்லை. என்றாவது சொந்தத் தொழில் தொடங்கலாம் என நினைக்கும் உங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

என்ன நடந்தது?

2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளை வணிகவரித் துறை எடுத்துப் பார்த்தது. வரம்பைத் தாண்டியும் ஜிஎஸ்டி பதிவு செய்யாத ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் போனது. ஹாவேரியைச் சேர்ந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு வந்த நோட்டீஸ் நாடு முழுக்கச் செய்தியானது: நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் வரவு, அதற்கு வரி 29 லட்சம். இத்தனைக்கும் பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

வியாபாரிகள் ஜூலை 25 அன்று பந்த் அறிவித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு முதல்வர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்ல, பந்த் கைவிடப்பட்டது. வணிகவரித் துறை ஜிஎஸ்டி விழிப்புணர்வு முகாம்களும் நடத்தியது. நோட்டீஸ் முதலில், பாடம் அப்புறம்!

கணக்கு எங்கே தப்பியது?

பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம்: இதைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 40 லட்சம் பெரிய தொகையாகத் தெரியலாம். நாளொன்றுக்கு 11,000 ரூபாய்க்கு விற்றால் ஆண்டுக்கு 40.15 லட்சம். ஹோட்டல், டிபன் கடை எல்லாம் சேவைக் கணக்கில் வரும். அங்கே நாளொன்றுக்கு 5,500 ரூபாயே போதும், வரம்பைத் தொட்டுவிடலாம்.

இங்கே பார்ப்பது லாபத்தை இல்லை, மொத்த விற்பனையை. யுபிஐக்குத் தனி வரியும் இல்லை. ரொக்கமாக வாங்கினாலும் அது விற்பனைதான். க்யூஆர் கோடைக் கிழித்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது தப்புக்கணக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாளுக்கு 11,000 விற்கும் கடைக்கு லாபம் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குக் கையில் நிற்பது சுமார் 4 லட்சம். 1.5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்திருந்தால், வியாபாரிக்கு வரி 1 சதவீதம், அதாவது சுமார் 40,000 ரூபாய். இது தெரியாமல் இருந்து, மொத்த விற்பனைக்கும் 18 சதவீதம் கேட்டு நோட்டீஸ் வந்தால் 7.2 லட்சம். வட்டியும் அபராதமும் தனி. ஒரு படிவம் பற்றித் தெரியாததற்கு ஒன்றே முக்கால் வருட லாபம் போய்விடும்.

சரி, காலேஜில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

டீக்கடைக்காரர் காலேஜ் போயிருக்க மாட்டார், அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். போனவருக்குத் தெரியுமா?

பெங்களூருவில் விடியுவின் கீழ் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ‘மேனேஜ்மென்ட் அண்ட் ஆந்த்ரப்ரனர்ஷிப்’ பேப்பர் ஞாபகம் இருக்கும். கேஐஏடிபி, கேஎஸ்எஃப்சி, சிட்பி, டிஐசி என்று நிறுவனங்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்து எழுதிய பேப்பர். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்திருக்கும்.

இன்னொரு பக்கம் ஸ்டார்ட்அப் உலகம். 2016இல் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ வந்தது. 2019இல் மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்குமான தேசிய புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை வந்தது. ஐஐஎம் பெங்களூருவில் இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் என்.எஸ். ராகவன் பெயரில் இயங்கும் என்எஸ்ஆர்சிஇஎல் போன்ற மையங்கள் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் சாதாரணக் கல்லூரிகளில் இந்த அலை பெரும்பாலும் ஹேக்கத்தான், பிட்ச் டெக், ஐடியா போட்டி என்ற அளவில் நின்றுவிடுகிறது. முதலீட்டாளரிடம் பத்து நிமிடம் பேசப் பழக்குகிறார்கள். கடனுக்கு வாங்கிப் போனவரிடம் பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று யாரும் சொல்வதில்லை.

இதனால் நஷ்டம் யாருக்கு? வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இதையெல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். சம்பளக்காரர் வீட்டிலிருந்தும் கூலிக்காரர் வீட்டிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்கு இருப்பது காலேஜ் மட்டும்தான்.

தொழிலைக் கற்றுத்தர முடியுமா?

முடியும், ஆனால் எப்படிக் கற்றுத்தருகிறோம் என்பதுதான் விஷயம். மூன்று ஆய்வுகளைப் பாருங்கள்.

நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்களைக் குழுவாகச் சேர்த்து மினி கம்பெனி நடத்த வைத்தார்கள். 2010இல் வெளியான ஆய்வின்படி, திறன் பெரிதாகக் கூடவில்லை. தொழில் தொடங்கும் ஆசையும் குறைந்தது.

டொமினிகன் குடியரசில் சிறு தொழில்முனைவோரில் ஒரு பிரிவுக்கு முறையான அக்கவுன்டிங், இன்னொரு பிரிவுக்கு எளிய நடைமுறை விதிகள். ‘வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் கலக்காதே’ என்பது போன்ற விதிகள். 2014இல் வெளியான முடிவு: எளிய விதிகளைக் கற்றவர்களே கணக்கைச் சரியாக வைத்தார்கள்.

டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடும் மனப்பழக்கத்தில் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பிசினஸ் பயிற்சியில் உறுதியாகச் சொல்லும்படி பலன் இல்லை.

டொமினிகன் விதியைப் பெங்களூருவோடு பொருத்திப் பாருங்கள். ‘அக்காவிடம் வாங்கிய கைமாத்தும் அதே க்யூஆர் கோடில்தான் வந்தது, அதையும் விற்பனையாக எண்ணிவிட்டார்கள்’ என்பதுதான் பல வியாபாரிகளின் புலம்பல். தனி அக்கவுன்ட் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது. இதைச் சொல்லித்தர ஒரு செமஸ்டர் தேவையா? ஒரு மதியம் போதும்.

தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய நீட்ஸ் திட்டம் (நீட் தேர்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) பயிற்சி, வங்கிக் கடன், மானியம் மூன்றையும் ஒன்றாக இணைக்கிறது. கையில் நிஜமான கடன் இருக்கும்போது படிக்கிற பாடம் மறக்காது. கல்லூரிகளும் இப்படி யோசிக்கலாம். மாணவர் ஐயாயிரம் ரூபாயில் கேம்பஸில் ஒரு மாதம் ஏதாவது விற்கட்டும். மார்க், ஐடியாவுக்கு வேண்டாம், கணக்கு நோட்டுக்குப் போடுங்கள்.

நீங்கள் தொடங்கப் போகிறீர்களா?

வேலைக்குப் போய்க்கொண்டே இன்ஸ்டாகிராமில் விற்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்:

* முதல் நாளே தனி வங்கிக் கணக்கும் தனி க்யூஆர் கோடும் வாங்குங்கள்.

* வரி உள்ள பொருளைப் பெங்களூருவிலிருந்து ஓசூருக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனைதான். அதற்கு 40 லட்சம் வரம்பு பொருந்தாது, ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு.

* வீட்டில் செய்த தொக்கு, கேக் விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு தேவை.

* உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். ‘நாங்க போட்டுத் தர்றோம்’ என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கும் கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. இன்வாய்ஸ் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஃப்ரீலான்ஸர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

* மாதக் கடைசியில் மூன்று எண்களை எழுதுங்கள்: மொத்த விற்பனை, கையில் நின்ற லாபம், வர வேண்டிய பாக்கி.

இந்த மூன்று எண்களும் தெரிந்திருந்தால், துறையிடமிருந்து நோட்டீஸே வந்தாலும் உட்கார்ந்து பதில் எழுதலாம். கடையில் ‘ஒன்லி கேஷ்’ அட்டையை மாட்ட வேண்டி வராது.