300 மீட்டர் மயக்கம்

சிங்கப்பூர் முஸ்தபா சென்டரின் கடிகாரப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் வாதம்: இன்னும் நூறு வெள்ளி போட்டால் 200 மீட்டருக்குப் பதில் 300 மீட்டர் டைவிங் வாட்ச், ஆழம் கூடினால் உறுதியும் கூடும். இது வெறும் மயக்கம்; காரணம் மூன்று.

ஒன்று. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர். மிச்சம் 260 மீட்டரை எங்கே செலவழிப்பீர்கள்? தேக்கா சந்தை ஈரத்தரையிலா?

இரண்டு. எண்ணைவிடச் சோதனை பெரிது. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தின்படி, குறித்த ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலில் ஒவ்வொரு கடிகாரத்தையும் சோதிக்க வேண்டும். இருட்டிலும் மணி தெரிய வேண்டும். சீகோ, சிட்டிசன் கடிகாரங்களின் முகப்பில் ‘டைவர்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா? அதைப் பாருங்கள். வெறும் ‘300 மீட்டர்’ அதற்கு ஈடாகாது.

மூன்று. தண்ணீர் புகுவது பெரும்பாலும் காய்ந்த ரப்பர் வளையத்தால், இறுக்காத பக்கத் திருகால். அந்த நூறு வெள்ளியை வளையம் மாற்ற வைத்திருங்கள்.