அணிலுக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கியா?

தோட்டத்து வாசகத் தம்பி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்:

"ஐயா, என் அக்காள் வீட்டுக்காரர் அமெரிக்காவில் வேலை செய்கிறார். அங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறாராம். அதைப் பார்த்து அத்தானுக்கும் ஆசை வந்துவிட்டது. அணிலுக்கும் முயலுக்கும் மானுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி போதுமா? எந்த அளவு வாங்குவது? விளக்குங்கள்."

தம்பி, பால் வெட்டும் கத்தியால் கட்டை பிளக்க முடியுமா? கோடரியால் மரப்பட்டையைச் சீவத்தான் முடியுமா? உன் அத்தானுக்கு வந்திருக்கும் சங்கடமும் இதுதான். அங்குள்ள சாம்பல் நிற அணில் அரைக் கிலோதான் இருக்கும். வெள்ளைவால் மானோ ஐம்பது கிலோவுக்கும் மேலே போகும். ஒன்றுக்கு மற்றது நூறு மடங்கு.

முதலில் இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதற்குத் தோட்டா கிடையாது. அளந்தெடுத்த கருமருந்தைக் குழலின் வாயில் கொட்ட வேண்டும். எண்ணெய் தடவிய சிறு துணித் துண்டில் ஈயக் குண்டைச் சுற்றி, நீண்ட கோலால் மருந்தின்மேல் உட்காரும்வரை கெட்டிக்க வேண்டும். குழலின் உள்ளே திருகுபோல் ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழற்றிவிடும். அந்தச் சுழற்சியால்தான் குறி தப்பாமல் போகிறது. ஒருமுறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து இத்தனையும் செய்தாக வேண்டும். எனவே, முதல் குண்டிலேயே காரியம் முடிய வேண்டும்.

குழல் வாயின் அளவைத்தான் கேலிபர் என்கிறார்கள். ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி எண்ணுவது வழக்கம். .32 என்றால் நூற்றில் 32 பங்கு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். .50 என்றால் அரை அங்குலம். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை .32, .36, .40, .45, .50, .54 ஆகியவை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. .32 துப்பாக்கியின் உருண்டைக் குண்டு சுமார் 3 கிராம். .36-க்கு 4 கிராமுக்குச் சற்றுக் கூடுதல், .40-க்கு 6, .45-க்கு 8-க்குச் சற்று மேல், .50-க்கு பதினொன்றரை, .54-க்கு பதினாலரை. .32-க்கும் .54-க்கும் வாயின் அளவில் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. குண்டின் எடையோ ஐந்து மடங்கு! உருண்டையின் குறுக்களவு இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்குத்தானே. ஆகவே ஒரு படி ஏறினாலும் பலம் வெகுவாகக் கூடிவிடுகிறது.

ஈயச் செலவும் அப்படியே. ஒரு கிலோ ஈயத்தை உருக்கி வார்த்தால் .32-க்கு சுமார் 340 குண்டு கிடைக்கும். .45-க்கு 120, .50-க்கு 87தான். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீண்ட துப்பாக்கிகளைக் காட்டில் குடியிருந்த ஏழைகள் சுமந்தார்கள். அவர்களுக்கு ஈயமும் மருந்தும் காசு கொடுத்து வாங்கும் பொருள்கள். கிழக்குப் பகுதியில் பெரிய மிருகங்கள் குறையக் குறைய, துப்பாக்கியின் அளவும் சிறுத்துக்கொண்டே வந்தது. அணில் துப்பாக்கி என்றே ஒரு வகை பெயர் பெற்றது. குண்டை அணிலின்மேல் படவிடாமல், அது உட்கார்ந்திருக்கும் பட்டையில் அடித்து, அந்த அதிர்ச்சியிலேயே விழவைப்பதும் உண்டாம். டேனியல் பூன் அப்படிச் செய்ததைப் பார்த்ததாகப் பறவை ஓவியர் ஆடுபான் எழுதி வைத்திருக்கிறார். பெரிய குண்டு பட்டால் அணிலில் கறியே மிஞ்சாது அல்லவா!

சிறியதே போதும் என்று .32 வாங்கி மானைச் சுட்டால் என்ன ஆகும்? இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் தோட்டத்து மரவள்ளிக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிண்டிவிட்டது. லைசென்சு வைத்திருந்த ஒருவர் பறவைக்கான சிறு ரவையால் அதைச் சுட்டார். பன்றி சாகவில்லை, காயத்தோடு ஓடிவிட்டது. மறுநாள் பெரட்டு முடிந்து இருட்டோடு நிரைக்குப் போன பால்வெட்டுக்காரர்மேல் அது பாய்ந்தது. தொடை கிழிந்து பல வாரம் படுத்துவிட்டார். அவர் வீட்டில் அடுப்பெரிய அக்கம்பக்கத்து வீடுகள்தான் அரிசி கொடுத்தன. பன்றியும் நாலு நாள் கழித்து ஓடையோரம் அழுகிக் கிடந்தது. சுட்டவருக்குக் கறியும் இல்லை, நிம்மதியும் இல்லை. பெரிய உயிரைச் சிறிய குண்டால் அடிப்பது சிக்கனம் அன்று, பாவம்.

இந்தக் காரணத்தால்தான் அங்கே மானுக்குக் குறைந்தபட்ச அளவு என்று பல மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் 1974-இல் தொடங்கிய சிக்கிமுக்கித் துப்பாக்கி மான் வேட்டைக்கு .44-க்குக் குறையக் கூடாது என்பது விதி. சிறு பிராணிகளுக்கு மேல்வரம்பு வைக்கும் இடமும் உண்டு. அங்கே ஒரே துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அத்தான் முதலில் தம் மாநிலத்து வேட்டை விதிப் புத்தகத்தைப் படிக்கட்டும்.

சட்டம் இடம் கொடுத்தால் என் யோசனை இது. அணிலும் முயலும்தான் அதிகம், மான் எப்போதாவது என்றால் .45. அணிலுக்கு மருந்தைக் குறைத்து அளந்து, தலையை மட்டுமே குறிபார்க்க வேண்டும். மானுக்கு முழு அளவு மருந்து, கிட்டத்தில் வந்தால் மட்டுமே சுடுவது. மான்தான் முக்கியம் என்றால் .50 வாங்கட்டும். அணிலுக்கு மட்டும் என்றால் .36. .40 பார்வைக்கு நடுவழி போலத் தோன்றும். ஆனால் அணிலுக்குச் சற்றுப் பெரிது, மானுக்குச் சிறிது, பல இடங்களில் சட்டத்துக்கும் போதாது. கையில் பணமிருந்தால் பெரியதொன்று, சிறியதொன்று என இரண்டு வைத்துக்கொள்வதே நல்லது.

எந்த அளவானாலும் சில விதிகள் மாறா. இந்தத் துப்பாக்கிக்கென்று விற்கும் மருந்தைத்தான் போட வேண்டும். இக்காலத் தோட்டாவில் உள்ள புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடித்து ஆளைக் கொல்லும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. மருந்துக் குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டாமல் அளவுக் குவளையில் அளந்தே போட வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், வாயை ஆளில்லாத திசையில் வைத்தபடி ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

கடைசியாக உனக்கு ஒரு வார்த்தை, தம்பி. அத்தான் சொன்ன கதையைக் கேட்டு இங்கே இரும்புக் குழாயில் துப்பாக்கி செய்து பார்க்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். நம் நாட்டு 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, 6-க்குக் குறையாத பிரம்படி. ஒரு பன்றிக்காகப் பெற்றவர்களின் வயிற்றில் நெருப்பைக் கொட்டாதே. அத்தானுக்குக் கடிதம் எழுதும்போது நான் விசாரித்ததாகச் சொல்.