உறை பிரித்த பின் முளைக்கும் அளவுகோல்

"குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்துவிட்டோம், இதில் அநீதிக்கு இடமேது?" ஒப்பந்தப்புள்ளிகளைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் அரசு அலுவலகங்களிலிருந்து நமக்குக் கிடைக்கும் மறுமொழி இதுவே. கேட்பதற்கு அது நேர்மையின் குரலாகவே ஒலிக்கிறது. ஆயினும், அம்மறுமொழியில் மனநிறைவு கொண்டு வீடு திரும்பும் நம் பழக்கமே பொதுப்பணத்துக்கு நாம் இழைக்கும் பெருந்தீங்கு என்று கருதுகிறோம். எழுதப்பட்ட தொகைகளுள் எது குறைந்தது என்பதை எண்ணத் தெரிந்த சிறுவனும் சொல்லிவிடுவான். யாரையெல்லாம் போட்டிக்கு வரவிட்டார்கள், வந்தவர்களுள் யாரை எக்காரணத்தால் தள்ளினார்கள், அக்காரணம் முன்பே எழுதப்பட்டிருந்ததா, அல்லது உறைகளைப் பிரித்த பின் முளைத்ததா என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நம் மேடைகள் பெருமை பேசுவதற்கே பயன்படுத்துகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையை விளக்குகின்றன. அந்தச் சபை ஊரார் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பது மறுக்க முடியாத குறை. எனினும் அதன் நடைமுறை நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்பது ஓலை எடுப்பதற்கு முன்பே வரையறுக்கப்பட்டுக் கல்லில் வெட்டப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்றி, அவன் உறவினர்க்கும் இடமில்லை. குடத்துள் கைவிடுபவன் உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன். அவன் எடுத்த ஓலையை வாங்கும் நடுவர், ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்ற எச்சரிக்கையாகவே நாம் இதைக் கொள்கிறோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நடுவரின் விரலைக்கூட நம்பாது விதி செய்தவர்களின் மண்ணில், "எங்களை நம்புங்கள்" என்று ஓர் அதிகாரி சொன்னால் நாம் ஏன் வாயடைத்துப் போக வேண்டும்?

நம் காலத்து வழக்கு ஒன்றைப் பார்ப்போம். பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் வகுப்பு உணவகம் ஒன்றும் சிற்றுண்டிச் சாலைகள் இரண்டும் நடத்துவதற்கு, 1977ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன. குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு உணவு விடுதிக்காரராக இருத்தல் வேண்டும் என்பது அறிவிப்பில் கண்ட நிபந்தனை. உரிமமோ, அத்தகுதி இல்லாத, கான்டீன்கள் நடத்திய அனுபவம் மட்டுமே உள்ள ஒருவருக்குக் கிடைத்தது. அவர் தர முன்வந்த உரிமக் கட்டணமே எல்லாவற்றிலும் உயர்ந்தது. அரசுக்கு நட்டமில்லை, வரவுதான். பின் யாருக்கு என்ன தீங்கு?

ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு என்று அறியப்படும் இவ்வழக்கில், 1979 மே மாதம், நீதியரசர் பகவதி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை வழங்கினார். தான் வகுத்த அளவுகோலுக்கு அரசு அமைப்பும் கட்டுப்பட்டதே. அதை மீறி ஒருவருக்குச் சலுகை காட்டுவது சமத்துவத்துக்கு மாறானது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த நிபந்தனை தளர்த்தப்படும் என்று முன்பே தெரிந்திருந்தால், தகுதியில்லை என்று ஒதுங்கிப் போன வேறு பலரும் போட்டியில் இறங்கியிருப்பார்கள் அன்றோ? அநீதி இழைக்கப்பட்டது அவர்களுக்கு. அறிவிப்பைப் படித்து, அதை மெய்யென்று நம்பி, விண்ணப்பத்தையே வாங்காமல் திரும்பியவர்களுக்கு! அவர்கள் பெயர் எந்தக் கோப்பிலும் இராது. சொல்லை நம்பியவன் ஏமாறவும், நம்பாதவன் வெல்லவும் செய்யும் முறையில் வரவு எவ்வளவு பெருகினாலும் அது நேர்மையான வரவாகாது.

நம்மை உறுத்தும் செய்தி இனித்தான் வருகிறது. கொள்கையில் நீதி வென்றது. ஆனால் உரிமம் பறிக்கப்படவில்லை. வழக்குத் தொடுத்தவர் காலந்தாழ்த்தி வந்தார். அவர் வேறொருவருக்காக வந்தவர் என்ற ஐயமும் எழுந்தது. உரிமம் பெற்றவர் அதற்குள் பணம் செலவிட்டுக் கடை நடத்தத் தொடங்கியிருந்தார். ஆகவே நிவாரணம் மறுக்கப்பட்டது. கட்டடம் எழும்பிய பின் அடித்தளத்தைச் சோதிக்கும் நீதி, அடுத்த தலைமுறைக்குப் பாடமாகலாம். அன்று ஏமாந்தவனுக்கு அது யாது பயன் தரும்?

"அப்படியானால் புள்ளி ஒன்று விடுபட்டாலும் விண்ணப்பத்தைத் தள்ள வேண்டுமா?" என்று நம்மை மடக்கலாம். வேண்டியதில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த போத்தார் ஸ்டீல் வழக்கு இதற்கு விடை தருகிறது. வாரணாசி டீசல் ரயில் எஞ்சின் தொழிற்சாலையின் கழிவு இரும்பை வாங்க வந்தவர், முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கியின் வரைவோலையாகவோ தராமல், வேறொரு பொதுத்துறை வங்கி சான்றளித்த காசோலையாகத் தந்திருந்தார். பணம் உறுதி, வழிதான் வேறு. இது பொறுக்கத் தக்க குறையே என்றது நீதிமன்றம். தகுதியின் வேரைத் தொடும் நிபந்தனை வேறு, அதற்குத் துணை நிற்கும் நிபந்தனை வேறு. முன்னதை யாருக்கும் தளர்த்தலாகாது. பின்னதைத் தளர்த்தினால் எல்லோருக்கும் ஒருபடியாகத் தளர்த்த வேண்டும். வேண்டியவருடைய உறையில் மலையை மடுவாகவும், வேண்டாதவருடைய உறையில் மடுவை மலையாகவும் காணும் கண்ணையே நாம் கண்டிக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1998ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத் தன்மைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. ஆவணத்தில் முன்பே குறிப்பிட்ட, புறநிலையான, அளவிடத்தக்க கூறுகளைக் கொண்டே குறைந்த புள்ளியைக் கணக்கிட வேண்டும் என்கிறது அச்சட்டம். 2000ஆம் ஆண்டின் விதிகள், இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்குப் பதினைந்து நாளும் அதற்கு மேற்பட்டதற்கு முப்பது நாளும் அவகாசம் தரச் சொல்லின. குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றன. நல்ல எழுத்துகள்! ஆனால், ஓர் ஒப்பந்தக்காரரின் சட்டைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல ஒரு தகுதி நிபந்தனை எழுதப்படுமானால், அதன்பின் உறைகளை ஊர் நடுவே பிரித்தாலும் என்ன பயன்? திருட்டு நடந்தது எழுதுகோல் பிடித்த அன்றே.

விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தரும் முறையைப் பலர் மருந்தாகப் பரிந்துரைக்கிறார்கள். 2021 அக்டோபரில் ஒன்றிய நிதியமைச்சகம், தரமே முதன்மையான பணிகளில் விலையல்லாத கூறுகளுக்கு நூற்றுக்கு 30 வரை இடம் தரலாம் என்று அனுமதித்தது. மலிவாக வாங்கிய பாலம் மழையில் கரைவதைக் கண்ட நாம் இதை எதிர்க்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒருவர் 90 லட்சமும் மற்றவர் ஒரு கோடியும் கேட்டால், விலைக்குரிய எழுபதில் முன்னவருக்கு 70, பின்னவருக்கு 63. இடைவெளி ஏழே மதிப்பெண். தரத்தில் எட்டு மதிப்பெண் கூட்டிப் போட்டால், பத்து லட்சம் அதிகம் கேட்டவர் வென்றுவிடுவார். அந்த எட்டு எதற்காக, எந்த அளவால், யார் கையால் இடப்பட்டது என்பது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

தோற்றவருக்கு மேல்முறையீடு உண்டே என்பார்கள். உண்டு, பத்து நாட்களுக்குள், அரசிடமே. அரசின் கை செய்ததை அரசின் கையே சீர்தூக்கும். அதுவும் புள்ளி அளித்தவருக்கு மட்டுமே அவ்வுரிமை. நிபந்தனையை நம்பி ஒதுங்கியவருக்கு அந்தக் கதவும் இல்லை. அவர் நீதிமன்றப் படியேற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் நெறிமுறையால், முடிவை அறிவித்த பின் குறைந்தது பத்து நாட்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் காத்திருக்கச் செய்தது. செலவு செய்து கடை திறந்துவிட்டார் என்ற வாதத்துக்கு இடந்தராத ஏற்பாடு அது.

ஆகவே நாம் கேட்பவை மூன்றே. தகுதி நிபந்தனைகளின் வரைவை முன்கூட்டி வெளியிட்டு, போட்டியிட விரும்பும் எவரும் ஆட்சேபம் கூற வழி செய்க. தள்ளப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் காரணத்தையும், ஒவ்வொருவர் பெற்ற மதிப்பெண்ணையும் முடிவோடு சேர்த்து அறிவிக்க. முறையீட்டைத் துறை சாராத நடுவர் கேட்டு முடிக்கும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடற்க.

காலதாமதம் ஆகும் என்பார்கள். ஆகட்டும். பொதுப்பணம் நம்மிடமிருந்து பெற்ற அமானிதம். அமானிதத்தை எடுத்துச் செலவிடுபவர், விரலை மூடிக்கொண்டு விரைவைப் பற்றிப் பேசலாகாது. ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டட்டும். அதன் பிறகு விரைவைப் பற்றிப் பேசுவோம்.