டிஸ்க் வாங்கினால் தீருமா?

மெயில் சர்வரில் திடீரென்று இடம் தீர்ந்தால் பல ஆபீஸ்களில் முதல் வேலை, புது டிஸ்க்குக்குக் கொட்டேஷன் வாங்குவது. ஸ்டாக் புத்தகத்தைப் பார்க்காமலே குடோனைப் பெரிதாக்குகிற மாதிரி!

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2007 வரை, ஒரே டேட்டாபேஸில் ஐம்பது பேருக்குப் போன அட்டாச்மென்ட்டை ஒரே பிரதியாக வைத்திருந்தது. 2010 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 10 எம்.பி. ஃபைலை 50 பேருக்கு அனுப்பினால், அனுப்பியவர் பிரதியோடு 510 எம்.பி.

'பழைய மெயிலை அழியுங்கள்' என்று ஊழியர்களுக்கு சர்க்குலர் விட்டும் பயனில்லை. மாற்றாமல் விட்ட செட்டிங்கில், அழித்தது 14 நாள் உள்ளேயே கிடக்கும். அப்புறமும் டேட்டாபேஸ் ஃபைல் சுருங்காது. காலியான இடத்தில் புது மெயில் உட்காரும், அவ்வளவுதான்.

யாருடைய மெயில்பாக்ஸ் வீங்கியிருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுக்கட்டும். பிறகு அட்டாச்மென்ட்டுக்கு ஒரு வரம்பு, பெரிய ஃபைலுக்கு வெறும் லிங்க். கொட்டேஷன் அதற்கப்புறம் வரட்டுமே!